பாடஞ் சொல்வதும் பாடங் கேட்பதும்



நம்முடைய பழைய தமிழாசிரியர்களின் வரலாறுகளைப் படிப்பவர்கள் இரண்டு தொடர்களை அடிக்கடி காண்பார்கள். ஆசிரியர் ‘பாடஞ் சொன்னார்’ என்றும், மாணாக்கர் ‘பாடங் கேட்டார்’ என்றும் எழுதுவது அக்கால வழக்கு. இன்று நாங்கள் ‘படிப்பித்தார்’ என்கிறோம், ‘படித்தார்’ என்கிறோம். பழைய வழக்கிலே ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் செவிகொடுத்துக் கேட்கின்ற நெருக்கம் தெரிகிறது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் உண்டாகின்ற அந்த உறவைப் பற்றி, வகுப்பறையிலே நாள்தோறும் நிற்கின்ற ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் சில எண்ணங்களை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஆசிரியத் தொழிலைப் பற்றித் தமிழிலே விரிவாகப் பேசிய நூல் நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் தொடங்குவதற்கு முன்னரே, பாயிரத்திலே ஆசிரியனையும் மாணாக்கனையும் நம் முன் நிறுத்திவிடுகிறார். இலக்கணம் சொல்லப் புகுந்தவர், அதனைச் சொல்பவன் யார், கேட்பவன் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்று கருதியிருக்கிறார். நல்லாசிரியனுக்கு அவர் காட்டும் உவமைகள் நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பன. இவற்றைப் பரீட்சைக்காக மனனம் செய்த பலர் இன்று இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் சொல்லும் உவமைகள் இன்னும் சுவையானவை. கழற்காய் இட்ட குடம் ஒன்று. இட்ட ஒழுங்கு எதுவாயினும், கவிழ்த்தால் காய்கள் கலகலவென்று முறைமாறி வந்து விழும். மடல் நிறைந்த பனை இன்னொன்று. அதில் ஒருவரும் ஏற முடியாது. தானாக விழுந்தால்தான் பழம். பஞ்சு அடைத்த குண்டிகை மூன்றாவது. அதற்குள் பஞ்சைத் திணிப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. நான்காவது முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் வளவில் நின்றுகொண்டு, தேங்காயை அடுத்த வளவில் போடுகின்ற தென்னை அது. பனைக்கும் வேலிக்கும் பேர்போன எங்கள் ஊரிலே இந்த உவமைகளுக்கு உரை தேவையில்லை. பாடசாலையிலே சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு பாடத்தைப் பின்னேர ரியூசன் கொட்டிலில் மட்டும் நடத்துகின்றவரைப் பார்க்கும் போதெல்லாம், பவணந்தியார் எங்கள் ஊர் வேலியோரம் நின்றுதான் முடத்தெங்கைக் கண்டாரோ என்று எண்ணத் தோன்றும்.

இந்த நான்கு உவமைகளிலும் பொதுவாக அமைந்த ஒன்றைக் கவனியுங்கள். குடத்தில் காய் இருக்கிறது, பனையில் பழம் இருக்கிறது, குண்டிகையில் பஞ்சு இருக்கிறது, தென்னையும் காய்க்கிறது. இவர்கள் ஒருவரும் கல்லாதவர் அல்லர். எதிரே இருப்பவனைப் பாராதவர்கள் என்பதே இவர்களிடம் உள்ள குறை. நூலை நன்றாக அறிந்திருந்தும் கேட்பவனை அறியாதவன் ஆசிரியன் ஆகமாட்டான் என்பது பவணந்தியார் கருத்து. கேட்பவன் எவ்வளவு கொள்வான், எந்த வகையிற் சொன்னாற் கொள்வான் என்று அறிந்து, அவன் மனம் ஏற்கும்படி கொடுக்க வேண்டும் என்று அவர் விதிக்கிறார். கற்பித்தலில் விருப்பம் என்று நாம் சொல்வதன் சாரம் இதுதான் என்பது என் எண்ணம். தமிழ்மீது எனக்கு விருப்பம் என்று சொல்வது எளிது. அந்தத் தமிழ் எதிரே இருக்கும் பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டுமே என்ற தவிப்பு வேறு.

மாணாக்கரையும் நன்னூலார் தரம் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் தலையானவை. மண்ணும் கிளியும் இடைப்பட்டவை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடையானவை. ஒரு குழையை வயிறாரத் தின்னாமல் அங்கொரு வாய் இங்கொரு வாய் கடித்துத் திரிவதனால் ஆட்டுக்கு அந்த இடம். ஒருமுறை உயர்தர வகுப்பிலே இதனை விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்து ஒரு மாணவன் எழும்பினான். அதுவரை அவன் வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. வீட்டிலே ஆடு வளர்க்கிறவன்.

“சேர், ஆடு ஒரு குழையையே திண்டுகொண்டு நிக்காது. பூவரசும் வேணும், கிளுவையும் வேணும், பிலாவிலையும் வேணும். அது குழப்படியில்லை சேர். அதின்ரை சாப்பாடே அப்பிடித்தான்” என்றான்.

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை; மகிழ்ச்சியாக இருந்தது. நன்னூலுக்கு எத்தனையோ பேர் உரை எழுதியிருக்கிறார்கள். ஆட்டின் பக்கம் நின்று பேசிய உரைகாரன் ஒருவனை அன்றுதான் கண்டேன். “அப்படியானால் ஒரே பாடத்தையே பிடித்துக்கொண்டு நில்லாத மாணவனுக்கு என்ன செய்யலாம்?” என்று கேட்டேன். “விதம்விதமாய்க் குழை கட்டவேணும் சேர்” என்றான். ஆசிரியர் பயிற்சி நெறியிலே கற்பித்தல் முறைகள் பற்றி நான் கேட்ட விரிவுரைகள் பல. அவற்றின் சாரத்தை இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அடுத்த நாளே அவன் முன் வாங்குக்கு வந்துவிடவில்லை. கடைசி வாங்கில்தான் தொடர்ந்தும் இருந்தான். ஆனால் நான் சொல்வது கடைசி வாங்கு வரை போகிறதா என்பதை அவன் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளும் வழக்கம் எனக்கு அன்றிலிருந்து ஏற்பட்டது. பாடஞ் சொல்கிறவனும் பாடங் கேட்க வேண்டியவன் என்பதற்கு இதனைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

நேயர்களே, ஆசிரிய மாணாக்கர் உறவு என்றவுடன் தமிழிலக்கிய வரலாற்றிலே நம் நினைவுக்கு வருபவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும். 1871ஆம் ஆண்டு, பதினாறு வயதில், ஐயர் மாயூரத்திலே பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டிலே ‘சாமா’ என்று அழைப்பார்கள். அந்த வீட்டுப் பெயரின் முழு வடிவமாகிய சாமிநாதன் என்பதையே வழங்கலாம் என்று விரும்பியவர் பிள்ளை. நாம் இன்று அறிந்த பெயர் அந்த ஆசிரியர் நிலைபெறச் செய்த பெயர்.

பிள்ளையின் வீட்டிலே செல்வம் இருக்கவில்லை, கடன் இருந்தது. ஆயினும் மாணாக்கர் அங்கேயே தங்கிப் படித்தார்கள். அவர்களுள் அந்தணரும் இருந்தனர், வேளாளரும் இருந்தனர், கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளை இருந்தார், நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பாடங் கேட்டவரே. 1876 பெப்ரவரி முதலாம் நாள் மகாவித்துவான் உயிர் பிரியும் வேளையில், அவரைத் தம் மார்பிலே சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகிலிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசித்தவர் சாமிநாதையர். ஒரு சைவப் புலவரின் இறுதி வேளையில் கிறிஸ்தவ மாணாக்கர் தாங்க, அந்தண மாணாக்கர் ஓதுகிறார். பாடஞ் சொன்ன ஒருவர் தம் வாழ்நாளில் சேர்த்து வைத்த செல்வம் என்னவென்று அந்த வேளை காட்டியது.

இங்கே நான் வற்புறுத்த விரும்புவது இன்னொன்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1880இல், ஐயர் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியரானார். அவரை அந்தப் பதவியில் அமர்த்த முன்னின்றவர் தியாகராச செட்டியார். தாம் ஓய்வுபெற்ற இடத்திலே ஐயரை அமர்த்திய அவரும் பிள்ளையின் மாணாக்கரே. அதே ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பை ஐயர் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியந்ததாகத் தெரியவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா என்று திருப்பிக் கேட்டார். ஐயர் படித்ததில்லை. பிள்ளை அவருக்குப் பாடஞ் சொன்ன நூல்களுள் சிந்தாமணி இல்லை.

அந்தச் சிந்தாமணியை 1887இல் ஐயர் பதிப்பித்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஆசிரியர் சொல்லித் தராத நூல்களாலேதான் மாணாக்கர் பெயர் நிலைத்தது. அப்படியென்றால் அந்த ஐந்தாண்டுப் படிப்பிலே பிள்ளை கொடுத்தது என்ன? செய்யுளின் ஓசை பிசகினால் உடனே உணர்கின்ற செவியைக் கொடுத்தார். ஏட்டுடன் பழகிய கையைக் கொடுத்தார். விளங்காத இடத்தை விளங்கும்வரை விடாத பிடிவாதத்தைக் கொடுத்தார். தாம் பாடஞ் சொல்லாத நூல்களையும் தம் மாணாக்கன் ஒருநாள் திறந்து பார்ப்பதற்கான திறவுகோலை, தாம் அறியாமலே கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு நல்லாசிரியர் தமக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலாகக் கற்பிக்கிறார் என்று நான் சொல்வது இதனால்தான். மாணாக்கரும் அதனை மறக்கவில்லை. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின், 1933இலும் 1934இலும், மகாவித்துவானின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக ஐயர் எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது.

எங்கள் மண்ணுக்கு வருவோம். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர் ஆறுமுக நாவலர். கந்தபுராணத்துக்கும் பெரியபுராணத்துக்கும் உரைநடை வடிவம் தரவல்ல அந்தப் பேரறிஞர், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுத அமர்ந்தார். வகுப்புக்கு வகுப்பு வாசகங்களின் அளவையும் கடுமையையும் படிப்படியாகக் கூட்டினார். படிப்பவரின் கண்ணும் மூச்சும் எங்கே தரிக்க வேண்டும் என்று பார்த்து நிறுத்தக் குறிகளை இட்டார். நாவலரின் வாதத்திறனைப் பலர் போற்றுகின்றனர். என் போன்ற ஆசிரியனுக்கோ, அந்தச் சிங்கம் ஒரு ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்த அந்த வேளையே அவருடைய பெருமையாகத் தெரிகிறது. பிள்ளையின் கொள்ளளவை அறிந்து கொடுத்தல் என்ற நன்னூல் விதி அங்கே அச்சிலே ஏறியது.

இந்த வழி எங்கள் காலத்திலும் அறுந்துபோகவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது நான் பாடசாலை மாணவன். புத்தகம் கொண்டுவந்தவர்கள் சிலர். உடுப்பு மட்டும் கொண்டுவந்தவர்கள் பலர். ஒரு மாமரத்தின் கீழ் எங்களுக்கு வகுப்பு நடந்தது. எங்கள் தமிழாசிரியரிடமும் புத்தகம் இல்லை. வந்தவுடன், “எல்லாரும் சாப்பிட்டிட்டியளோ?” என்று கேட்பார். ஒருவரும் மறுமொழி சொல்லாத நாள்களும் உண்டு. பின்னர் நினைவிலிருந்தே செய்யுளைச் சொல்லிப் பொருள் சொல்வார். கொப்பி இல்லாதவர்கள் கேட்டு நெஞ்சிலே பதித்துக்கொண்டோம். பாடங் கேட்டல் என்ற தொடரின் முழுப்பொருளும் எனக்கு அங்கே விளங்கியது. நான் ஆசிரியனாக வேண்டும் என்ற விருப்பமும் அந்த மரத்தின் கீழ்த்தான் முளைத்தது. அவரும் தாம் இடம்பெயர்ந்து வந்தவர்தான். அவருடைய வீட்டுக்கு என்ன நடந்ததென்று நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. பாடத்தைச் சொன்னார்.

இன்று எங்கள் வகுப்பறைகளுக்குக் கூரை இருக்கிறது, புத்தகங்களும் இருக்கின்றன. இல்லாமற் போய்க்கொண்டிருப்பது கேட்பதற்கான நேரம். ஐந்தாந் தரத்திலே புலமைப்பரிசில், பின்னர் சாதாரண தரம், அதன்பின் உயர்தரம் என்று பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கிறது. எத்தனை ‘ஏ’ என்பதே ஆசிரியருக்கும் அளவுகோல், பெற்றோருக்கும் அளவுகோல். பரீட்சையை நான் பழிக்க வரவில்லை. வசதியற்ற வீட்டுப் பிள்ளை மேலே ஏறுவதற்கு அதுவே ஏணி. ஆனால் கடந்தகால வினாத்தாளுக்கு விடை சொல்லிக்கொடுப்பது மட்டுமே கற்பித்தல் என்று ஆகுமானால், ஆட்டுக்காகப் பேசிய அந்த மாணவன் எந்த வகுப்பிலே எழும்புவான்? சிந்தாமணியைத் தானாகத் திறந்து பார்க்கும் செவியையும் பிடிவாதத்தையும் அடுத்த தலைமுறைக்கு யார் கொடுப்பார்?

இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளம் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். உங்களுக்குக் கிடைப்பது ஒரு பாடவேளை. அதிலே கடைசி ஐந்து நிமிடம் வரும்வரை பாடஞ் சொல்லுங்கள். மிகுதி ஐந்து நிமிடத்துக்கு வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வாங்கிலிருக்கும் ஒரு பிள்ளையை எழுப்பி, அன்றைய பாடத்தைத் தன்னுடைய சொல்லில், தன்னுடைய வீட்டுப் பேச்சிலே சொல்லச் சொல்லுங்கள். இடைமறிக்காமல் கேளுங்கள். மறுநாள் எந்தக் குழையைக் கட்ட வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையே உங்களுக்குச் சொல்லிவிடும்.