வளர்ந்த பின்னும் வாழட்டும் கற்பனை
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெற்றுத் தீப்பெட்டிகளைக் கோத்து இரயில் வண்டி ஓட்டும் குழந்தைக்குக் கற்பனையை எவரும் கற்பிப்பதில்லை. அக்குழந்தை பதினெட்டு வயதை எட்டியதும், 'பிழைக்கும் வழியைப் பார்' என்கிறோம். பிழைப்புக்காகக் கற்பனையைக் கைவிடத்தான் வேண்டுமா?

நம் மாவட்டத்துப் புதுப்பட்டியில் 1958இல் பிறந்தவர் எழுத்தாளர் பாமா. தம் தெருப் பிள்ளைகள் நிலக்காரராகவும் பண்ணையாளாகவும் நடித்து விளையாடியதைத் தம் 'கருக்கு' நூலில் எழுதியுள்ளார். கண்டதை நடிப்பது குழந்தையின் கற்பனை. 'நாம் ஏன் என்றும் பண்ணையாள்?' என வினவுவது வளர்ந்தோரின் கற்பனை. ஆசிரியப் பணியையும் துறவு மடத்தையும் கண்டு மீண்ட பின், 1992இல் அந்நூலை அவர் வெளியிட்டார். இளமை நினைவுகளை அவர் உதறியிருந்தால் அந்நூல் பிறந்திராது.

2021 பிப்ரவரி 12 அன்று இவ்வூர்ப் பட்டாசு ஆலை விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'எல்லாம் தலையெழுத்து' என்பது கற்பனை வற்றியோர் பேச்சு. விபத்தில்லாத ஆலையையும், நம் பிள்ளைகளுக்கு வேறு தொழிலையும் முதலில் நாம் மனத்தில் காண வேண்டும். மனத்தில் காணாததை எவரும் கேட்டுப் பெறுவதில்லை.

ஆகவே இளைஞர்களே! பாட்டிமாரிடம் கதை கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சிறுவர்களைச் சங்கத்தில் கூட்டி, அவர்களைப் பேச விடுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகளின் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். வேலை முடிந்து களைத்து வரும் மாலையிலும் அதற்குச் செவி கொடுங்கள்.