பிளக்கில் எழுதியிருப்பதைப் படியுங்கள்



இன்றைய பேச்சு ஒரு சின்னப் பொருளைப் பற்றியது. அது ஒரு விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அது கெட்டுப்போனால் வண்டி இழுக்காது. சில நேரம் வழியிலேயே நின்றுவிடும். அதன் பெயர் ஸ்பார்க் பிளக். சுருக்கமாகப் பிளக் என்பார்கள்.

மேடு, சேறு, மணல் எதிலும் போகும் வண்டிகள் உண்டு. அவற்றில் நான்கு சக்கரத்துக்கும் எஞ்சினின் விசை போகும். 1947-இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகம் சேர்த்து விற்கத் தொடங்கியது. 1985-இல் மாருதி ஜிப்சி வந்தது. பொதுமக்களுக்கு ஜிப்சி விற்பது 2019-இல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகள் மலையிலும் காட்டிலும் இன்னும் ஓடுகின்றன. அவற்றை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் பெட்ரோல் எஞ்சினுக்குத்தான் உண்டு. டீசல் ஜீப்பில் அது கிடையாது. டீசல் எஞ்சினில் இருப்பது ஹீட்டர் பிளக். அதன் வேலை வேறு.

பெட்ரோலும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் போகின்றன. பிஸ்டன் மேலே வந்து கலவையை அழுத்துகிறது. அப்போது பிளக்கின் நுனியில் தீப்பொறி பறக்கிறது. கலவை எரிகிறது. பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் 1500 முறை பொறி விட வேண்டும். அதாவது நொடிக்கு 25 முறை! இப்படி உழைக்கும் பொருள் தேயாமல் இருக்குமா?

உத்தராகண்ட் மாநிலத்தில் ராம்நகர் என்று ஓர் ஊர். கார்பெட் புலிகள் காப்பகத்துக்கு அந்த வழியாகத்தான் பலர் போவார்கள். காட்டைச் சுற்றிக் காட்ட அங்கே ஜிப்சி வண்டிகள் ஓடுகின்றன. அப்படி ஒரு பழைய கார்புரேட்டர் ஜிப்சியை வைத்திருக்கும் ஓட்டுநரை மனதில் நினைத்துப் பாருங்கள்.

இரண்டு நாளாக அவர் வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. மேட்டில் இழுக்கவில்லை. பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. மறுநாள் விடியற்காலையில் சவாரி. மாலையில் கடைக்குப் போகிறார். நான்கு பிளக் வாங்குகிறார். பட்டறைக்கு வருகிறார். பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அந்தப் பக்கத்தில் மெக்கானிக்கை 'உஸ்தாத்' என்று மரியாதையாக அழைப்பார்கள்.

"உஸ்தாத், சீக்கிரம் இதை மாட்டிக் கொடுங்கள்."

உஸ்தாத் ஒரு பிளக்கை எடுத்துப் பார்க்கிறார்.

"பேட்டா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாயா?"

"இல்லையே. எல்லாப் பிளக்கும் பார்க்க ஒன்று போலத்தானே இருக்கிறது?"

உஸ்தாத் எஞ்சினிலிருந்து ஒரு பழைய பிளக்கைக் கழற்றுகிறார். புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். பழையதில் மரை 19 மில்லிமீட்டர் நீளம். புதியதில் சுமார் 13 மில்லிமீட்டர்தான்.

"குட்டை மரை போட்டால் பொறி குழிக்குள்ளேயே நின்றுவிடும். மீதி மரையில் கரி படியும். பிறகு சரியான பிளக் ஏறாது. நீள மரை போட்டால் அதைவிட ஆபத்து. பிஸ்டன் வந்து இடிக்கும். எஞ்சினே போய்விடும்."

பிளக்கின் மேல் உள்ள எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. என்.ஜி.கே. நிறுவனத்தின் 'பிபிஆர்6இஎஸ்' என்ற பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 'பி' என்றால் மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் உள்ளே மின்தடை இருக்கிறது. ரேடியோவில் இரைச்சல் வராமல் அது தடுக்கும். 'இ' என்றால் மரை நீளம் 19 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 'எச்' இருந்தால் 12.7 மில்லிமீட்டர்.

நடுவில் இருக்கும் 6 வெப்பத்தைக் குறிக்கும் எண். சில பிளக் சூட்டை வேகமாக வெளியே விடும். அதைக் குளிர்ந்த பிளக் என்பார்கள். சில பிளக் மெதுவாக விடும். அது சூடான பிளக். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்தது. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடானது. ஆகவே கம்பெனி மாறினால் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. வண்டியின் கையேட்டில் எந்தப் பிளக் போட்டிருக்கிறதோ, அதற்குச் சமமானதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஓட்டுநர் கடைக்குத் திரும்பிப் போகிறார். கையேட்டைக் காட்டிச் சரியான பிளக்கை வாங்கி வருகிறார்.

இப்போது மாற்றும் வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஜிப்சியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்து வரும். உஸ்தாத் முதலில் பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதித் தள்ளுகிறார். இல்லாவிட்டால் மண் சிலிண்டருக்குள் விழும். ஒரு நேரத்தில் ஒரு வயரைத்தான் கழற்றுகிறார். ஏன்? இந்த எஞ்சினில் பொறி 1, 3, 4, 2 என்ற வரிசையில் வர வேண்டும். வயர் மாறினால் எஞ்சின் சரியாக ஓடாது. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூடியைப் பிடித்து இழுக்க வேண்டும்.

புதிய பிளக்கின் நுனி இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளக்கிறார். இந்த வண்டிக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பழைய வில்லிஸ் ஜீப்புக்கு 0.030 அங்குலம். அதுவும் முக்கால் மில்லிமீட்டர்தான். பிறகு பிளக்கைக் கையாலேயே திருகுகிறார். கையில் சுலபமாக ஏறினால் மரை நேராகப் பிடித்திருக்கிறது. வாஷர் தொட்ட பிறகு ஸ்பேனர் வைத்து அரைச் சுற்று. அவ்வளவுதான். பலம் காட்டக் கூடாது.

பழைய நான்கு பிளக்குகளையும் உஸ்தாத் வரிசையாக வைக்கிறார்.

"பேட்டா, இதையும் படி. இது எஞ்சின் எழுதிய கடிதம்."

மூன்று பிளக்கின் நுனி இளம் பழுப்பு நிறம். அது நல்ல அடையாளம். உலர்ந்த கரி இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. உயரமான மலையில் காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் வண்டியில் இப்படிக் கரி படியும். நுனி வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் சூடு மீறிவிட்டது.

நான்காவது பிளக் கறுப்பாக இருக்கிறது. எண்ணெயில் நனைந்திருக்கிறது.

"சிலிண்டருக்குள் எஞ்சின் ஆயில் வருகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம். வால்வு சீல் போயிருக்கலாம். புதுப் பிளக்கும் கொஞ்ச நாளில் நனைந்துவிடும்."

"நாளைக்கு ஓடுமா, உஸ்தாத்?"

"ஓடலாம். வழியில் மறுபடியும் மிஸ்ஸிங் அடிக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

ஓட்டுநர் யோசிக்கிறார். சவாரிப் பணம் வீட்டுச் செலவுக்கு வேண்டும். ஆனால் புலிக் காட்டில் நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அங்கே நின்று பிளக் மாற்ற முடியாது. பின் இருக்கையில் குழந்தைகளும் இருப்பார்கள்.

அவர் பக்கத்து வீட்டு ஓட்டுநரிடம் போகிறார். "பாய், நாளைச் சவாரியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டி பட்டறையில் இருக்கிறது" என்கிறார்.

ஒரு நாள் வருமானம் போனது. ஆனால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது.

நண்பர்களே! பிளக் வாங்கும்போது எழுத்தைப் படியுங்கள். கழற்றும்போது நிறத்தைப் படியுங்கள். பழைய பிளக்கைப் பார்க்காமல் தூக்கி எறியாதீர்கள்.