பச்சை அடித்த ஆரஞ்சு வண்டி
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் அனுபவம் பற்றிப் பேசுங்க சார்" என்றுதான் சங்கச் செயலாளர் கேட்டார். முப்பத்தைந்து வருடம் டை காஸ்டிங் பட்டறையில் வெந்தவன் நான். அதைப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே பந்திக்கு ஓடிவிடுவீர்கள். அதனால் பொம்மைக் கார் பற்றிப் பேசுகிறேன். சிரிக்காதீர்கள், அதுவும் டை காஸ்டிங்தான்.

இதோ என் கையில் இருப்பது லோட்டஸ் ரேஸ் கார். கடைசி வரிசைக்குத் தெரியாது. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் லெஸ்னி கம்பெனி 'மேட்ச்பாக்ஸ்' என்ற பெயரில் 1966-ல் விட்டது. 1947-ல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள், ஆளுக்குப் பாதிப் பெயரைப் போட்டு ஆரம்பித்த கம்பெனி அது. இரண்டு பேரும் ஸ்மித் என்றாலும் சொந்தக்காரர்கள் இல்லை. லண்டனில் மூடிக் கிடந்த ஒரு மதுக்கடையில்தான் முதல் பட்டறை. பிறகு ஜாக் ஓடெல் என்ற டை காஸ்டிங்காரர் வந்து சேர்ந்தார். அவர் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டு வரலாம் என்று சட்டமாம். அப்பா ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் மேட்ச்பாக்ஸ். வாத்தியார்கள் போடும் சட்டத்தால் இப்படியும் சில நன்மைகள் உண்டு.

1 முதல் 75 வரை எண்கள். ஒரு மாடல் ஓய்வு பெற்றால் அதே எண்ணில் வேறொன்று வரும். 19-ஐ எடுத்துக்கொண்டால், முதலில் எம்.ஜி., அப்புறம் எம்.ஜி.ஏ., 1961-ல் ஆஸ்டன் மார்ட்டின் ரேஸ் கார், 1966-ல் இந்த லோட்டஸ். நம் ஹாஸ்டல் ரூம் நம்பர் மாதிரி. ஆள் மாறுவார், எண் மாறாது.

சேகரிப்பவர்கள் அலைவது மாடலுக்காக மட்டும் அல்ல, அதன் வேறுபாடுகளுக்காக. அந்த ஆஸ்டன் மார்ட்டினில் பெரும்பாலும் 19 என்ற எண்தான் ஒட்டியிருக்கும். 5, 41, 52 ஒட்டியதும் உண்டு, அவை குறைவு. 73-ஆம் எண் ஃபெராரியில் ஓட்டுநர் பொம்மை சிலதில் சாம்பல் நிறம், சிலதில் வெள்ளை. மேட்ச்பாக்ஸ் சக்கரமே முதலில் உலோகம், பிறகு சாம்பல் பிளாஸ்டிக், வெள்ளிநிறம், கறுப்பு என்று மாறிக்கொண்டு வந்தது. ஆக்ஸில் முனையை முதலில் நசுக்கி விட்டார்கள், பிறகு உருண்டைத் தலை வைத்தார்கள்.

'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று நினைப்பீர்கள். பட்டறையில் நின்றவனுக்கு இது விஷயம். யாரும் அபூர்வம் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து செய்யவில்லை. பழைய சக்கரம் மிச்சம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுப் புதியதைப் போட்டிருப்பார்கள். ஒட்டுப்படம் தீர்ந்தால் பக்கத்து மாடலுடையதை எடுத்திருப்பார்கள். நானே எத்தனை தடவை, "இருக்கிறதைப் போட்டு அனுப்புப்பா" என்று சொல்லியிருக்கிறேன்!

கெட்ட சரக்கும் காட்டிக்கொடுக்கும். இந்த வண்டிகள் துத்தநாகக் கலவை. 400 டிகிரிக்குள் உருகிவிடும், எஃகு டைக்குள் அழுத்திச் செலுத்தலாம். ஆனால் அதில் துளி ஈயம் கலந்துவிட்டால் போச்சு. யுத்தத்துக்கு முந்தைய டிங்கி ரேஸ் கார்கள் சில, பெட்டிக்குள் இருந்தபடியே வெடித்து, உப்பி, பிஸ்கட் மாதிரி உதிர்கின்றன. சுத்தமான துத்தநாகம் ஏன் வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் ஒரு செமஸ்டர் சொல்லிப் புரியாதது, உதிர்ந்த ஒரு பொம்மையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

சரி, இந்த லோட்டஸ். இதைக் கடையில் தனியாக வாங்கினால் கரும்பச்சை. ஆரஞ்சு நிறத்தில் வந்தது பரிசுப் பெட்டித் தொகுப்பில்; பச்சையைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். என் அறைத்தோழனுடையது ஆரஞ்சு. அவனுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார், 1970-ல் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தார். அதில் இந்த ஒன்றை மட்டும் இவன் ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்திருந்தான்.

எனக்கு அப்போது ரேஸ் பைத்தியம். ரயிலேறிச் சோழவரம் பந்தயத்துக்குப் போய் வந்தவன். நூலகத்துப் பத்திரிகையில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸைப் பார்த்திருக்கிறேன். பச்சை. பழைய பந்தய வழக்கப்படி இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். ஆரஞ்சு ஹாலந்துக்கு! 'பொம்மைக் கம்பெனிக்காரனுக்கு இதுகூடத் தெரியலையே' என்று எனக்கு ஒரே எரிச்சல். தோழன் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, போர்டு எழுதுபவரிடம் கொஞ்சம் பச்சை எனாமல் வாங்கி வந்து, பிரஷ்ஷால் அழகாகப் பூசிக் காய வைத்தேன். திருத்திவிட்டோம் என்ற பெருமை வேறு.

அவன் வந்து பார்த்தான். கத்தவில்லை. "அண்ணன் வாங்கிட்டு வந்த கலருடா அது" என்றான். அந்த டெர்ம் முழுக்க என்னோடு பேசவில்லை.

கடைசி நாள் டிரங்குப் பெட்டி கட்டும்போது வண்டியை என் கட்டில்மேல் வைத்து, "நீயே வெச்சுக்கோ, உன் கலர்" என்றான். கோபமா, மன்னிப்பா? நான் கேட்கவில்லை.

1996-ல் வேலையாக இங்கிலாந்து போனேன். ஒரு பழைய பொம்மைச் சந்தையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஆரஞ்சு லோட்டஸ் இருந்தது. விற்பவர் விளக்கினார். எனக்கு வியர்த்துவிட்டது. விலை ஒன்றும் மலைக்கிற விலை இல்லை. ஆனால் பத்தொன்பது வயதில் என் 'திருத்தம்' என்ன செய்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு வேடிக்கை: நான் பச்சை அடிப்பதற்கு முன்பே, 1968-லேயே, நிஜ லோட்டஸ் பச்சையைக் கைவிட்டு ஒரு சிகரெட் கம்பெனியின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்துக்கு மாறிவிட்டது.

அதே சந்தையில் இன்னொரு கடையில் மஞ்சள் ஃபோர்டு ஜி.டி. ஒன்று வாங்கினேன். வெள்ளைதான் சாதாரணம், மஞ்சள் அபூர்வம். ஓட்டலுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் அடித்தட்டு ரிவெட்டின் தலை துளைக்கப்பட்டிருக்கிறது, ஆக்ஸில் துவாரத்துக்குள் வெள்ளைப் பெயிண்ட். யாரோ கழற்றி மஞ்சள் அடித்திருக்கிறார்கள். ஏமாந்தது நான்தான். மாணவர்கள் யாராவது சேகரிக்க ஆரம்பித்தால் முதலில் லென்ஸ் வாங்குங்கள், வண்டி அப்புறம்.

ஊர் திரும்பியதும் தோழனுக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு, "அப்படியா? நான் அப்பவே சொன்னேன்ல, அது சரியான கலர்தான்னு" என்று சிரித்தான். 'பெயிண்டை உரித்துவிடலாமே' என்று சிலர் சொன்னார்கள். திரவம் ஊற்றினால் என் பச்சையோடு அடியில் இருக்கும் ஆரஞ்சும் போகும். புது ஆரஞ்சு அடித்தால் அது அந்த மஞ்சள் ஃபோர்டுக்குத் தம்பி. அதனால் அப்படியே வைத்திருக்கிறேன். மூக்கின் நுனியில் என் எனாமல் பெயர்ந்த இடத்தில், அரிசியளவு ஆரஞ்சு தெரிகிறது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறானே, அவன்தான். வண்டியை இன்று அவனிடமே கொடுக்கக் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்காவது எடுத்துப் பார்க்க ஆசை இருந்தால் அவனிடம் கேட்டுவிட்டு எடுங்கள். முன் ஆக்ஸில் வளைந்திருக்கிறது, உருட்ட வேண்டாம்.