கல்லூரி ஆராய்ச்சியும் கிராமத்துக் கண்களும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, “பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று சொல்கிறார்களே, அதனால் எங்கள் ஊருக்குக் கிடைத்தது என்ன?” என்று கேட்டார். அன்று நேரம் இல்லை என்று கூறி அமர்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்லப் போனால், தக்க மறுமொழியும் அப்பொழுது என்னிடம் இல்லை. வீரிய விதையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்; அதனை என்னிலும் நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே இன்று கண்ணைப் பற்றிப் பேச விழைகின்றேன். பொறியியல், கணிப்பொறி, நிர்வாகவியல், அறுவைச் சிகிச்சை ஆகிய நான்கும் ஒரு மூதாட்டியின் கண்ணில் வந்து கூடுகின்ற கதை இது.

கண்ணின் கருமணிக்குப் பின்னால் ஒரு சிறிய வில்லை இருக்கிறது. வயது ஏற ஏற அது, தெளிந்த நீரில் பால் கலந்தாற்போல் மங்கிவிடும். இதனையே கண்புரை என்கிறோம். சொட்டு மருந்தாலும் பச்சிலையாலும் இது தீராது; மங்கிய வில்லையை அறுவைச் சிகிச்சையால் எடுத்தாக வேண்டும். முற்காலத்தில் வில்லையை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கனத்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அந்தக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால் பார்வை மீண்டும் போயிற்று. உங்கள் வீடுகளில் பாட்டன் பாட்டிமார் அதனை நூலால் காதில் கட்டிக்கொண்டு திரிந்ததைக் கண்டிருப்பீர்கள்.

எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொரு வில்லையை உள்ளேயே வைத்தால் என்ன? லண்டன் நகரில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானிகளுக்கு அவர் சிகிச்சை செய்தார். விமானத்தின் மேல்மூடி உடைந்து, அதன் பிளாஸ்டிக் சில்லுகள் சிலருடைய கண்ணுக்குள் தங்கிவிட்டிருந்தன. தூசு விழுந்தாலே சிவந்து வீங்குகின்ற கண், இந்தச் சில்லுகளைப் பொறுத்துக்கொண்டதை அவர் கவனித்தார். பின்னர் ஒரு நாள், புரை அறுவையை உடனிருந்து கண்ட மாணவர் ஒருவர், “எடுத்த வில்லைக்குப் பதில் வேறு வைக்க மாட்டீர்களா?” என்று கேட்டாராம். 1949-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், அதே வகைப் பிளாஸ்டிக்கால் செய்த வில்லையை ரிட்லி ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். அவர் துறையைச் சேர்ந்த பெரியவர்கள் பலர் நெடுங்காலம் அவரை எதிர்த்தனர். கூட்டங்களில் சிறு கேள்வி கேட்பவர்களை அடக்கிவிடுகின்ற வழக்கம் நம்மிடமும் உண்டு என்பதால் இதனைச் சற்று விரித்துச் சொன்னேன்.

அந்த வில்லை நம் பக்கம் வந்து சேர்வதற்கு மேலும் பல்லாண்டுகள் ஆயின. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போன பிறகும், அந்த விரல்களாலேயே கண் அறுவை பயின்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டு வில்லை ஒன்றின் விலை அக்காலத்தில் நூறு டாலர் அளவில் இருந்தது. கூலி வேலை செய்பவருக்கு அது எட்டாக் கனி. ஆகவே வில்லையை மதுரையிலேயே செய்ய 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் நிறுவப்பட்டது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கிற்று. பின்னர் அதனினும் குறைந்தது. மயிரிழையும் பிசகாமல் கடைந்து மெருகேற்றி, கிருமியின்றி அடைத்துக் கொடுக்க வேண்டிய பொருள் அது. இது பொறியியலாளர் செய்த பங்கு.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. ஏழைகளுக்கு வில்லை வைப்பதால் கூடுதல் செலவுக்குத் தக்க பலன் உண்டா, அல்லது பழைய கண்ணாடியே போதுமா? இதனை வாதாடித் தீர்க்க முடியாது. புது விதையை ஒரே வயலில் பாத்தி பிரித்து, ஒன்றில் பழையதும் ஒன்றில் புதியதுமாக விதைத்துத்தானே பார்க்கிறீர்கள்? எந்தப் பாத்திக்கு எது என்பதை நம் விருப்பப்படி வைத்தால், நல்ல மண்ணெல்லாம் நமக்குப் பிடித்த விதைக்கே போய்விடும்; ஆகவே குலுக்கல் முறையில் பிரிப்பார்கள். மதுரையிலும் அவ்வாறே செய்தார்கள். இரு கண்ணிலும் புரையால் பார்வை குன்றிய 3,400 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வில்லையும் மற்றவர்க்குக் கண்ணாடியும் அளித்து ஒப்பிட்டனர். முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. பார்வையிலும் அன்றாட வாழ்க்கை வசதியிலும் வில்லை வைத்தவர்களே மேம்பட்டிருந்தனர். நம் பக்கத்துக் கிழவர் கிழவியரின் கண்களை அளந்து உலகத்துக்கு விடை சொன்ன ஆராய்ச்சி இது.

நான் வணிகவியல் படித்தவன். ஆகையால் அடுத்த செய்தி எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தமானது. அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாகப் படுத்திருப்பார். ஆயத்தப் பணிகளையெல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் செய்கிறார்கள். அவர்களுட் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். மருத்துவரின் நேரம் சிறிதும் வீணாவதில்லை. பணம் செலுத்துவோரிடமிருந்து வருவதைக் கொண்டு, செலுத்த இயலாதவர்க்கும் அதே சிகிச்சை. இம்முறையை அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆராய்ந்து, 1993-இல் தன் மாணவர்களுக்குப் பாடமாக எழுதிற்று.

இவ்வளவும் இருந்தும் கண் தெரியாதவர்கள் ஊர்களில் ஏன் இருக்கிறார்கள்? இவ்விடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. நான் இந்தப் பணிக்கு வந்த புதிதில், வேறொரு வட்டாரத்தில் இலவசக் கண் முகாம் ஒன்றை நடத்தினேன். பந்தல் போட்டோம், ஒலிபெருக்கி வைத்த ஆட்டோவில் ஊர் ஊராக அறிவித்தோம், சமைத்த சாப்பாட்டில் பாதி மிஞ்சிற்று. வந்தவர் எண்ணிக்கையை மட்டும் எழுதி, ‘முகாம் சிறப்பாக நடைபெற்றது’ என்று அறிக்கை அனுப்பினேன். வராதவர் யார் என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து வேறு பணியாக ஒரு சிற்றூருக்குப் போனபோது, திண்ணையில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்த மூதாட்டி ஒருவரைக் கண்டேன். “முகாமுக்கு ஏன் வரவில்லை, பாட்டி?” என்றேன். “வந்தா கூட்டிட்டுப் போய் அங்கேயே தங்க வைப்பாங்களாமே ஐயா. கூட மருமக வரணும். அவ கூலிய யாரு குடுப்பா? ஆட்ட யாரு பாப்பா? இந்த வயசுல கத்தி வேற வைக்கணுமா?” என்றார். அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முகாமுக்குள் அவர் வாசற்படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படுத்தவர் எழவில்லை.

அந்த மூதாட்டி சொன்னதையே ஆராய்ச்சியாளர்கள் எனக்கு முன்பே அளந்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. மதுரை வட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று 1999-இல் வெளியாயிற்று. கண்ணில் குறையுள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேரே! அச்சம், செலவு, வீட்டுப் பொறுப்பு, ‘இருக்கிற பார்வை போதும்’ என்ற எண்ணம் ஆகியவை மற்றவர்களைத் தடுத்தன. சிகிச்சை இலவசமானாலும் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் இலவசம் அல்லவே! அதற்கும் முன்னர், 1991-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தென்னிந்தியாவின் 90 கிராமங்களை எட்டு வகையாகப் பிரித்து எட்டு விதமாக அழைத்துப் பார்த்தனர். சிகிச்சையோடு போக்குவரத்தும் உணவும் சேர்த்து முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட இடங்களில் அறுவைக்கு இசைந்தவர் மிகுதி. முன்பே அறுவை செய்துகொண்ட ஒருவரை வீடு வீடாக அனுப்புவதும் அந்த முறைகளுள் ஒன்று. ஒலிபெருக்கியைவிட அதுவே மேல் என்பது என் சொந்த அனுபவம். கண் திறந்தவர் பக்கத்து வீட்டில் இருக்கும்போது கத்தியைப் பற்றிய அச்சம் பாதி போய்விடுகிறது.

ஊரார் வராவிட்டால் மருத்துவர் ஊருக்கு வரலாமே என்பீர்கள். அத்தனை மருத்துவர்கள் இல்லை. இங்கேதான் கணிப்பொறித் துறையினர் துணைக்கு வந்தார்கள். தேனியைச் சுற்றிய ஊர்களில் சிறு பார்வை மையங்கள் அமைக்கப்பட்டன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனி மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியைக் கண்டு பேசுவார். இடையே கம்பி இல்லை. அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எரிக் புரூவரும் அவருடைய மாணவர்களும், வீட்டுக்குள் பயன்படுகின்ற மலிவான வைஃபை கருவியையே பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பேச வைத்தனர்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கருவி ஒவ்வொரு செய்தித் துண்டையும் அனுப்பிவிட்டு ஒப்புகைக்குக் காத்திருக்கும். தொலைவு கூடினால் ஒப்புகை தாமதமாகும். கருவி பொறுமையிழந்து அதே துண்டைத் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒப்புகைச் சீட்டு வரும்வரை அஞ்சலகத்திலேயே நிற்பவரைப் போன்ற நிலை! கட்டுக் கட்டாக அனுப்பி, மொத்தமாக ஒப்புகை பெறும்படி அவர்கள் விதியை மாற்றி எழுதினர். இதைவிடப் பெரிய தொல்லை மின்சாரத்தால் வந்தது. அழுத்தம் திடீரென ஏறியும் இறங்கியும் கருவிகள் பழுதுபட்டன. மோட்டார் காயில் எரிந்து அழுதவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் இருந்திருந்தால் இது அவர்களுக்குத் தெரிந்திராது. இங்கே வந்து தங்கியதால் தெரிந்தது. அதையும் ஆராய்ச்சியாக்கி 2008-இல் வெளியிட்டனர். அரவிந்தின் பார்வை மையங்கள் இன்று நூற்றுக்கும் மேல்.

இனிச் சர்க்கரை நோய்க்கு வருவோம். அது கண்ணின் உட்புறத் திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். வலி இராது; மங்கல் தெரியும்போது காலம் கடந்திருக்கும். கூகுள் நிறுவனத்தார் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டி, பாதிப்பைக் கண்டறியப் பழக்கி, 2016-இல் முடிவை வெளியிட்டனர். படங்களில் ஒரு பகுதி அரவிந்த் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலிருந்து சென்றவை. பின்னர் மதுரையிலும் சென்னைச் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தபோது, பயிற்சி பெற்றவர்கள் பார்ப்பதற்குக் கணிப்பொறி குறையவில்லை என்று 2019-இல் தெரியவந்தது. ஆனால் தாய்லாந்து நாட்டுச் சிறு மருத்துவ நிலையங்களில் இதே முறையை வைத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு படத்தைக் கணிப்பொறி ஏற்க மறுத்துவிட்டது. அறையின் வெளிச்சம் முதலியன ஒத்துவரவில்லை. இதுவும் 2020-இல் மறைக்காமல் வெளியிடப்பட்டது. என் முகாம் அறிக்கையை நினைத்துக்கொண்டேன்.

இனி நம் வேலை. அடுத்த கண் முகாமுக்கு ஒலிபெருக்கி வண்டி கிடையாது. வார்டுக்கு ஒரு நோட்டு தருகிறோம். உறுப்பினர்கள் வீடு வீடாகச் சென்று அறுபது வயது கடந்தவர் அனைவர் பெயரையும், வயது எதுவாயினும் சர்க்கரை நோயுள்ளவர் பெயரையும் எழுத வேண்டும். எதிரே, ‘வருவாரா?’ என்பதோடு, ‘இல்லையெனில் தடை யாது?’ என்ற கட்டத்தையும் நிரப்புங்கள். துணைக்கு ஆள் இல்லையா, ஆட்டைப் பார்க்க வேண்டுமா, அச்சமா என்று அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். செல்லும்போது உங்கள் தெருவில் அறுவை செய்துகொண்ட ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வண்டிக்கும் உணவுக்கும் ஆகும் செலவை நன்கொடையாளர் இருவர் ஏற்றிருக்கின்றனர்; துணைக்கு வருபவர் கூலிக்கு இன்னும் வழி காணவில்லை. அதனை இங்கேயே பேசி முடிவு செய்வோம். நோட்டுகளை எழுத்தர் இப்பொழுது வழங்குவார்.