உடையவன் அறிந்த படகு

உடையவன் பாராத பயிர் உருப்படாது என்பது உழவர் கண்ட உண்மை. பயிருக்குச் சொன்ன இவ்வாக்கு படகுக்கும் பொருந்தும். பயிர் வாடினால் ஒரு போகம் நட்டமாகும்; மறுபோகத்தில் ஈடுசெய்யலாம். நடுக்கடலில் படகு பழுதுற்றால், ஏறியிருப்பவர் உயிருக்கு ஈடு ஏது? அதிலும் வயதேறிய மரப்படகு ஒன்றை இயந்திரத்துடன் வைத்துப் பேண விரும்புவோர், பொருட்செல்வத்தைக் காட்டிலும் பொறுமையையே முதலாகக் கொள்ளல் வேண்டும். இதற்குச் சான்றாக நிற்கும் பழம்படகு ஒன்று இங்கிலாந்தில் உண்டு. அதன் பெயர் சண்டவுனர்.

சண்டவுனர் 1912 ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைக்கென நீராவிப் படகாகக் கட்டப்பெற்றது. அதே ஆண்டிலேதான் டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதி அத்திலாந்திக் கடலில் மூழ்கியது. அக்கப்பலில் இரண்டாம் அதிகாரியாகப் பணிபுரிந்து உயிர்தப்பியவர் சார்ள்ஸ் லைட்டொல்லர். கடற்படை கழித்துவிட்ட அந்தப் பழம்படகை 1929 ஆம் ஆண்டில் அவர் வாங்கினார். 52 அடி நீளமாக இருந்ததை 58 அடியாக நீட்டி, நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் எண்ணெய் எஞ்சினைப் பொருத்தி, குடும்பத்துடன் கடற்பயணம் செய்தற்கேற்ற இயந்திரப் படகாக மாற்றியமைத்தார். பிறகு 72 குதிரைவலு கொண்ட டீசல் எஞ்சின் இடம்பெற்றது. பத்தாண்டுக் காலம் ஐரோப்பாவின் வடகரையோரமாக அவரும் குடும்பத்தினரும் அதிலே பயணஞ் செய்தனர்.

இத்தகைய பழம்படகு ஒன்றைப் பேணுவோர் முதலில் அறியவேண்டுவது அதன் பகைவர் யார் என்பதே. மரப்படகுக்குப் பகை கடல்நீர் என்றே பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. மரத்தை உளுக்கச் செய்வது பூஞ்சணம். உவர்நீர் ஊறிய மரத்தில் அது எளிதில் வளர்வதில்லை. மேல்தளத்து இடுக்குகளாலும், சன்னற் சட்டங்களின் மூலைகளாலும் கசிந்திறங்கி, காற்றுப்புகாத மறைவிடத்தில் தேங்கும் மழைநீரே அதற்கு உணவும் உறையுளும் ஆகும். ஆதலின் பழம்படகு பெரும்பாலும் கீழிருந்து அழிவதில்லை, மேலிருந்தே அழிகின்றது. மழைக்காலத்தில் ஒருநாள் கைவிளக்குடன் உள்ளே நுழைந்து, எவ்விடத்தில் ஈரம் படிகின்றது எனப் பார்த்துக் குறித்துக்கொள்வது, கோடையில் பத்து நாள் வண்ணம் பூசுவதிலும் மேலானது. உள்ளறைக் கதவுகளையும் அடித்தளப் பலகைகளையும் இடையிடையே திறந்து காற்றோடவிடுதல், காசு செலவில்லாத மருந்து.

மரத்தின் நலத்தைச் செவியாலும் அறியலாம். சிறிய கொட்டாப்புளி ஒன்றினால் பலகைகளையும் விலாச்சட்டங்களையும் மெல்லத் தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் பூசணிக்காயைத் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கும். ஐயம் எழுந்த இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினால், எதிர்ப்பின்றி அது இறங்குகின்றதா என்பது தெரியவரும். இவ்வாறு கண்ட குறையை மண்பூச்சுப்போல மேலே பூசி மறைத்தல் தகாது. உளுத்த பகுதியை நல்ல மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து, அதே இன மரத்தால் ஒட்டுப்போடுவதே முறை.

பலகைகளின் இடுக்குகளில் பஞ்சுத்திரியும் தார்ச்சணலும் அடித்து நீரை மறிக்கும் வேலையைக் கலப்பற்று என்பர். இதிலே ஆர்வக்கோளாறு ஆகாது. கரையிலே காய்ந்த பலகை நீரில் இறங்கியதும் ஊறி விரியும். அப்பொழுது இடுக்குத் தானாகவே இறுகும். காய்ந்திருக்கும்போது மிகுதியாக அடைத்து இறுக்கிவிட்டால், பலகை விரிய இடமின்றி ஆணிகளையும் விலாச்சட்டங்களையும் நெரித்து முறிக்கும். நீண்டநாள் கரையிலிருந்த படகு, நீரில் இறங்கிய முதல் ஓரிரு நாள் கசியத்தான் செய்யும். அந்நாட்களில் நீரிறைக்கும் பம்பியை அருகில் வைத்துக் காத்திருப்பதே அறிவுடைமை. பழைய வண்ணத்தைச் சுரண்டும்போதும் கவனம் தேவை. முற்காலப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கும். அதன் தூசு மூச்சுடன் உட்சென்றால் நஞ்சாகும். நனைத்துத் தேய்த்தலும், தக்க முகக்கவசம் அணிதலும், குழந்தைகளைத் தொலைவில் நிறுத்தலும் இன்றியமையாதன.

மரத்துக்கு அடுத்தபடி உலோகம். வெவ்வேறு உலோகங்கள் உவர்நீரில் ஒருங்கே அமிழ்ந்திருக்கும்போது, அவற்றிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி, ஒன்று மற்றொன்றுக்காகத் தேயும். இத்தேய்வை வெண்கலச் சுழலியும் சுக்கானும் ஏற்காதிருக்கும்படி, துத்தநாகக் கட்டிகளைப் படகின் அடியில் பொருத்துவர். தாம் கரைந்து மற்றவற்றைக் காக்கும் இக்கட்டிகள் பாதி தேய்ந்ததுமே புதியன மாற்றப்படவேண்டும். இவற்றுக்கு வண்ணம் பூசினால் பயனற்றுப்போகும். நீர்மட்டத்துக்குக் கீழே பித்தளைப் பொருத்துகளை இடுவதும் பிழையாகும். பித்தளையிலுள்ள துத்தநாகம் கடல்நீரில் மெல்ல மெல்லக் கரைந்துபோக, இளஞ்சிவப்பு நிறமான உதிரும் செம்பே எஞ்சும். வெளித்தோற்றத்தில் உறுதியாகத் தெரியும் அவ்வுறுப்பு ஒருநாள் கைபட்டதும் முறியும்.

அப்படி முறிந்தால் என்ன நேரும்? நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓர் அங்குல அகலமுள்ள துளை திறந்தால், நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 60 இலீற்றர் நீர் உட்புகும். ஒரு மணி நேரத்தில் அது மூன்றரைத் தொன்னைக் கடந்துவிடும். இதனாலேதான் கடல்நீர் நுழையும் வாய் ஒவ்வொன்றிலும் நல்ல வெண்கல வால்வு இருத்தல் வேண்டும் என்றும், அதனை அடிக்கடி திறந்து மூடிப் பழக்கவேண்டும் என்றும், அதன் அருகிலேயே கூம்புவடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடவேண்டும் என்றும் அனுபவசாலிகள் வற்புறுத்துவர். ஒரு சிறு மரக்கட்டைதான். ஆயினும் உரிய வேளையில் அது ஒரு படகின் விலைக்குச் சமம்.

மூன்றாவது பகை தீ. பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. படகின் அடிவயிற்றில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். பின்பு ஒரு சிறு பொறி போதும். டீசலோ சாதாரண வெப்பநிலையில் எளிதில் ஆவியாகித் தீப்பற்றுவதில்லை. பழைய பெற்றோல் எஞ்சினை அகற்றி டீசல் எஞ்சினை வைப்பதன் தலையாய பயன் சிக்கனமன்று, பாதுகாப்பே. பெற்றோல் எஞ்சினையே வைத்திருப்போர், அதனை இயக்குமுன் அடித்தளத்துக் காற்றை விசிறியால் வெளியேற்றும் வழக்கத்தை ஒருநாளும் கைவிடலாகாது.

டீசல் எஞ்சின் கேட்பது மிகச் சில: தூய எரிபொருள், தூய காற்று, தூய எண்ணெய், தடையில்லாத குளிர்நீர். எரிபொருட் தாங்கியில் நீர் சேர்ந்தால் அங்கே நுண்ணுயிர்கள் வளர்ந்து, பாசிபோன்ற கசடு வடிகட்டியை அடைக்கும். அதுவும் அமைதியான துறைமுகத்தில் நேராது. அலை எழுந்து தாங்கியைக் குலுக்கும் வேளையிலேயே நேரும். ஆதலின் தாங்கியின் அடிநீரை ஒழுங்காக வடித்தலும், மாற்று வடிகட்டிகளைக் கைவசம் வைத்தலும் வேண்டும். கடல்நீரை உறிஞ்சும் பம்பியிலுள்ள றப்பர்ச் சக்கரத்தை ஆண்டுக்கொருமுறை மாற்றலாம். பருவம் முடிந்து படகைக் கட்டிவைக்குமுன்பே பழைய மசகெண்ணெயை மாற்றிவிடவேண்டும். ஏனெனில் பழைய எண்ணெயிலுள்ள அமிலங்கள் ஓய்விலிருக்கும் எஞ்சினை அரிக்கும். புகையும் பேசும். கரும்புகை எரிபொருள் மிகுந்ததை அல்லது காற்றுக் குறைந்ததைச் சொல்லும். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைச் சொல்லும். விடாத வெண்புகை எரியாத எரிபொருளையோ உட்புகுந்த நீரையோ சொல்லும்.

இனி, புதுமை செய்தல். பழம்படகை வாங்கியவர் முதலில் ஆசைப்படுவது பெரிய எஞ்சின். ஆனால் நீரைப் பிளந்து செல்லும் கனத்த படகு ஒவ்வொன்றுக்கும் அதன் நீளமே ஒரு வேக எல்லையை வகுத்திருக்கின்றது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிகளில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல்மைல் என்னும் எல்லை ஏறத்தாழ வெளிப்படும். சண்டவுனர் போன்ற நீளமுள்ள படகுக்கு அது 10 கடல்மைல் அளவாகும். அதன் 72 குதிரைவலு எஞ்சின் அளித்த உச்ச வேகமும் 10 கடல்மைலே. வலுவை இருமடங்காக்கியிருந்தால், அலை பெருகியிருக்கும், எரிபொருள் கரைந்திருக்கும்; வேகம் மிகச் சிறிதே கூடியிருக்கும். படகின் இயல்பை அறிந்து செய்த புதுமை அது.

இக்காலத்தில் குறைந்த செலவில் மிகுந்த நன்மை தரும் புதுமைகள் வேறு பல உண்டு. குறைந்த மின்னில் எரியும் எல்.ஈ.டி. விளக்குகள், நீர் சேர்ந்ததும் தானே இயங்கும் பம்பி, நீர்மட்டம் உயர்ந்தால் ஒலிக்கும் மணி, மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயுவைக் கண்டு எச்சரிக்கும் கருவி ஆகியவை அவற்றுட் சில. மின்கம்பி ஒவ்வொன்றும் மின்கலத்துக்கு அண்மையிலேயே காப்புருகி ஒன்றைக் கொண்டிருத்தல் வேண்டும். பாரமான பொருளெதனையும் உயரத்தில் ஏற்றுதல் ஆகாது. கூரைமேல் ஏறும் ஒவ்வொரு சுமையும் படகின் நிலைப்பாட்டைக் குறைக்கும். சமையல் வாயுக் குழாயமைப்பு, ஏராக்கட்டையின் பழுது போன்றவற்றை மட்டும் தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைத்தல் நன்று. தன் கை எட்டாத இடம் எதுவென அறிவதும் கைத்திறனில் ஒரு பகுதியே.

இத்தனை உழைப்பினாலும் உடையவன் பெறுவதுதான் என்ன? செலவு மிச்சமாகலாம், ஆகாமலும் போகலாம். அவன் தவறாது பெறுவது அறிவு. ஒவ்வோர் ஆணியையும் தொட்டவனுக்குப் படகு தன் உடம்புபோல் ஆகிவிடுகின்றது.

1940 ஆம் ஆண்டு மே மாத முடிவில், செர்மானியப் படைகளால் சூழப்பட்ட நேச நாட்டு வீரர்கள் பிரான்சின் டன்கேர்க் கரையில் இலட்சக்கணக்கில் சிக்கியிருந்தனர். அவர்களை மீட்கச் சிறு படகுகளையும் பிரித்தானியக் கடற்படை திரட்டியது. சண்டவுனரை ராம்ஸ்கேட் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கடற்படையாளரிடம் ஒப்படைக்கும்படி லைட்டொல்லரிடம் கேட்டனர். படகைத் தருவதற்கு அவர் தயங்கவில்லை. ஆனால் அதனைச் செலுத்துவது தாமே என்றார். அப்பொழுது அவருக்கு வயது 66. அதனை வீம்பு என்று சொல்லலாகாது. அப்படகின் குணமும் குறையும் அவரைவிட நன்கறிந்தார் எவருமிலர்.

யூன் 1 ஆம் நாள், மூத்த மகன் ரோஜரும், பதின்பருவச் சாரண இளைஞர் ஒருவரும் துணையாக, அவர் கால்வாயைக் கடந்தார். வழியில் தீப்பற்றி நின்ற மற்றோர் இயந்திரப் படகிலிருந்தோரையும் ஏற்றிக்கொண்டார். டன்கேர்க்கில் வீரர்களை முதலில் கீழறைகளில் நிரப்பினார். அவை நிறைந்ததும் மேல்தளத்தில் படுக்கவைத்தார். முன்னர் ஒருபோதும் 21 பேருக்கு மேல் ஏற்றாத படகு அது. எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை எந்த அட்டவணையும் சொல்லவில்லை. அலையில் சாய்ந்த படகு நிமிர்வதில் தளர்ச்சி காட்டத் தொடங்கியதை அவர் உடலால் உணர்ந்தார். அந்த இடத்தில் ஏற்றுவதை நிறுத்தினார். அப்பொழுது ஏறியிருந்தோர் 130 பேர். மேலும் பத்துப்பேரை இரக்கத்தால் ஏற்றியிருந்தால் அத்தனை பேரும் கவிழ்ந்திருக்கக்கூடும். அச்சத்தால் அறுபதோடு நிறுத்தியிருந்தால் எழுபது பேர் கரையில் கைவிடப்பட்டிருப்பர். விமானத் தாக்குதல்களுக்குத் தப்பி, அன்றிரவே சண்டவுனர் ராம்ஸ்கேட்டை அடைந்தது.

லைட்டொல்லர் 1952 ஆம் ஆண்டில் காலமானார். டன்கேர்க் மீட்பின் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்காக 1990 ஆம் ஆண்டில் சண்டவுனர் மீண்டும் கால்வாயைக் கடந்தது. பின்னர் ராம்ஸ்கேட்டிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தைச் சார்ந்தது. புகழ்பெற்ற படகு என்பதற்காக மழைநீர் அதற்குச் சலுகை காட்டுவதில்லை. உளுத்தலும் துருவும் வரலாறு படிப்பதில்லை. ஆண்டுதோறும் எவரேனும் கொட்டாப்புளியுடன் அதன் அடிவயிற்றில் தவழ்ந்து தட்டிக் கேட்டால் மட்டுமே அது நிலைக்கும்.

பழம்படகு வைத்திருப்போர் ஒவ்வொரு வார முடிவிலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு குறிப்பேட்டில் அன்று கண்டதை எழுதிவருவாராயின், ஓராண்டில் அவ்வேடு எந்த நூலினும் மேலான வழிகாட்டியாகும். அடித்தளத்தில் எத்தனை வாளி நீர் சேர்ந்தது, எஞ்சின் எத்தனை மணி ஓடியது, எந்த வால்வு இறுகியது என்பவையே அதில் எழுதவேண்டியவை. சென்ற வாரம் இரண்டு வாளி. இவ்வாரம் நான்கு வாளி. அவ்வேறுபாட்டைக் கண்ட அன்றே பலகையைத் தூக்கிப் பார்ப்பவன் படகு, புயலிலும் கரைசேரும்.