வேலிக்கும் கோட்டைக்கும் நடுவே



புதுச்சேரியில் பாரதி பூங்காவைச் சுற்றி மாலை வேளைகளில் மாணவர்கள் உலவக் காண்கிறேன். அப்பகுதியில் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரரின் லூயி கோட்டை நின்றது என்பதை அவர்களுள் பலர் அறிவர். 1760ஆம் ஆண்டு இறுதியில் அக்கோட்டைக்கு வெளியே நடந்ததை அறிந்தோர் சிலரே.

ஆங்கிலத் தளபதி அயர் கூட் அப்போது நகரை முற்றுகையிட்டிருந்தார். கடல்வழியும் அடைபட்டது. நகரின் காவலுக்கெனப் பிரெஞ்சுக்காரர் வளர்த்திருந்த முள்வேலி செப்டம்பரிலேயே பகைவர் கைக்குப் போய்விட்டது. உணவு அருகியது. பிரெஞ்சுத் தளபதி லாலி ஒரு முடிவு செய்தார். நவம்பர் 27ஆம் நாள், வீட்டுப் பணியாளர் சிலர் நீங்கலாக, இந்நாட்டுக் குடிமக்கள் 1,400 பேரை, கைக்குழந்தை என்றும் கிழவர் என்றும் பாராமல், நகரைவிட்டு வெளியே துரத்தினார்.

வாய்கள் குறைந்தால் அரிசி மிஞ்சும். இது லாலியின் கணக்கு. வாய்கள் உள்ளேயே இருந்தால் கோட்டை விரைவில் பணியும். இது கூட்டின் கணக்கு. கணக்கென்ற அளவில் இரண்டும் சரியே! ஆகவே வேலியருகே சென்றவர்களைச் சிப்பாய்கள் மறித்தனர். கோட்டைக்குத் திரும்பியவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. எட்டு நாள்கள் அம்மக்கள் இடையே கிடந்து, புல்லின் வேரைக் கிண்டித் தின்றார்கள். இதை எழுதிவைத்தவர் ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர். தம் படையின் வெற்றியைப் பாட வந்தவர் இதை மறைக்காமல் விட்டதற்கு நான் அவருக்கு நன்றியுடையேன்.

லாலி மனமிரங்கமாட்டார் என்று தெளிந்த பின்னரே ஆங்கிலேயர் வேலியைத் திறந்தனர். எட்டாம் நாள் செய்ததை முதல் நாளே செய்திருக்கலாகாதா? அதனால் முற்றுகை தோற்றிருக்கப் போவதில்லை. லாலி பெற்ற பயன்தான் என்ன? மக்களைத் துரத்திய ஐம்பதாம் நாள், 1761 ஜனவரி 16இல், பட்டினியால் நகரம் சரணடைந்தது.

1758இல் கடலூரையடுத்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் தகர்த்திருந்தனர். அதற்குப் பழியாக ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினர். லாலி 1766இல் பாரிசு நகரில் தலை வெட்டுண்டு இறந்தார். அவருக்காக வால்டேர் எழுதினார்.

லா தெ லோரிஸ்தோன் 1765இல் ஆளுநராக வந்தபோது எஞ்சியிருந்தவை இடிபாடுகளே. பழைய அடித்தளங்களின் மீதே அவர் கட்டத் தொடங்கினார். ஐந்தே மாதங்களில் ஐரோப்பியர் வீடுகள் 200, தமிழர் வீடுகள் 2,000 எழுந்தன. வேலிக்கு நடுவே எட்டு நாள் கிடந்தவர்களுள் எத்தனை பேர் அவ்வீடுகளில் மீண்டும் உலை வைத்தார்களோ!