விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம்

(இளைஞர்கள் நடத்தும் கலைக் கண்காட்சிக்கான தயாரிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் இதே அறையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. கண்காட்சியின் நுழைவாயிலில் ஒரு கலப்பு ஊடகப் படைப்பை வைப்பதென்று முடிவாகியிருந்தது. நீல வண்ணம் பூசிய பலகை, அதன்மேல் செய்தித்தாள் துண்டுகள், ஒரு கிழிந்த கையுறை, நடுவில் ஒரு விளக்குமாறு. வரைந்து காட்டிய தோழருக்கு அதில் சந்தேகமே இல்லை. இன்னொரு தோழர் எழுந்து, “விளக்குமாறு வேண்டாம்” என்றார். ஏன் என்று கேட்டோம். “எங்க அம்மா இருபத்திரெண்டு வருஷமா அதைப் பிடிச்சிட்டிருக்காங்க. வர்றவங்க நின்னு பார்த்து போட்டோ எடுத்துட்டுப் போறதுக்கு அதை நான் சுவத்துல மாட்ட மாட்டேன்” என்றார். அதன்பிறகு யாரும் பேசவில்லை. டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

ஒரு படைப்பில் நிறத்தையும் பொருளையும் எப்படி வாசிப்பது என்று இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தோழரின் சொல்லைத் தாண்டி என்னால் இந்தத் தலைப்புக்குள் போக முடியவில்லை. அதனால் விளக்குமாறு இடம்பெற்ற ஒரே ஒரு படைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். அது நம் ஊர்ப் படைப்பு அல்ல. ஆனால் நம் வாக்குவாதம் அதற்குள் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும். சிவப்பு என்றால் புரட்சி, கருப்பு என்றால் துக்கம், வெள்ளை என்றால் சமாதானம் என்று நமக்குள் ஒரு நிற அகராதி இருக்கிறது. கருத்தரங்குகளில் ஓவியத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பலரும் இந்த அகராதியைத்தான் புரட்டுகிறார்கள். ஒரு நிறத்துக்கு நிரந்தரமான ஒரு பொருளை ஒட்டிவைக்கும் வேலையை நமக்கு முன்பே செய்து முடித்தவர்கள் யார்? வர்ணம் என்ற சொல்லுக்கே நிறம் என்றுதான் பொருள். மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பிராமணருக்கு வெள்ளை, சத்திரியருக்குச் சிவப்பு, வைசியருக்கு மஞ்சள், சூத்திரருக்குக் கருப்பு என்று பட்டியலே உண்டு. அந்த நான்கிலும் சேராதவர்களுக்கு அவர்ணர் என்று பெயர். அதாவது, நிறம் இல்லாதவர்கள். பிறப்பால் மனிதருக்கு மதிப்பு கிடையாது என்று சொல்கிற நாம், நிறத்துக்கு மட்டும் பிறப்பிலேயே பொருள் உண்டு என்று நம்பிவிடக் கூடாது. ஒரு நிறம் எங்கிருந்து வந்தது, யார் கை பட்டு வந்தது, பக்கத்தில் எது இருக்கிறது என்று கேட்டால்தான் அது பேசும்.

இனி அந்தப் படைப்பு. பெட்டி சார் என்ற கருப்பினப் பெண் கலைஞர் 1926-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதன் கோபம் அவருக்குள் இருந்தது. பெர்க்லி நகரில் ரெயின்போ சைன் என்ற கருப்பினப் பண்பாட்டு மையம் கருப்பின நாயகர்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியபோது, நாயகன் வேண்டாம், நாயகியைச் செய்கிறேன் என்று முடிவெடுத்தார். 1972-இல் அவர் செய்த படைப்பின் பெயர் ‘ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை’. உயரம் ஓர் அடிகூட இல்லை. முன்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் ஒரு பொம்மை நிற்கிறது. தலையில் துணி கட்டிய, பருத்த, சிரித்த முகமுள்ள கருப்பினப் பணிப்பெண் பொம்மை. சமையலறையில் சாமான் பட்டியல் எழுதத் தாளும் பென்சிலும் வைப்பதற்காக விற்ற பொம்மை அது. பழைய பொருட்களுக்கு நடுவே பெட்டி சார் அதைக் கண்டெடுத்தார். பொம்மையின் ஒரு கையில் ஏற்கெனவே விளக்குமாறு இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. மறுபக்கத்தில் ஒரு துப்பாக்கியை வைத்தார். பொம்மையின் முன்னால், வெளுத்த நிறக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பணிப்பெண்ணின் பழைய படம் ஒன்று. அதன்மேல் உயர்த்திய கருப்பு முஷ்டி. காலடியில் பருத்தி. பின்சுவர் முழுக்க, அன்று கடையில் விற்ற பான்கேக் மாவுப் பொட்டலத்தின் அதே சிரித்த முகம் வரிசை வரிசையாக.

இப்போது நிறங்களைப் பார்ப்போம். முதலில் கருப்பு. அந்தப் பொம்மையின் கருப்பு எந்த மனிதத் தோலிலும் இல்லாத கருப்பு. அது எங்கிருந்து வந்தது? 1889-இல் மாவு விற்கத் தொடங்கியவர்கள் ஆன்ட் ஜெமைமா என்ற பெயரை ஒரு மேடை நிகழ்ச்சியிலிருந்து எடுத்தார்கள். வெள்ளைக்கார நடிகர்கள் தக்கையைக் கருக்கி முகத்தில் பூசிக்கொண்டு, கருப்பர்களைப் போல ஆடிப்பாடிச் சிரிக்கவைக்கும் நிகழ்ச்சி அது. ஆக, பொம்மையின் கருப்பு, வெள்ளைக்காரன் தன் முகத்தில் பூசிக்கொண்ட கரி. பெரிய சிவப்பு உதடும் உருட்டிய வெள்ளை விழியும் அந்த ஒப்பனையிலிருந்து வந்தவைதான். சேரிக் காட்சி என்றதும் வெளுத்த நடிகருக்குக் கருப்பு மை பூசும் நம் சினிமாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பிறகு அந்தக் கரிப்பூச்சுக்கு ஒரு உயிருள்ள முகம் தேடினார்கள். அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் என்ற பெண்ணை 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் நிறுத்தி, சிரித்துக்கொண்டே பான்கேக் சுடவைத்தார்கள்.

ஆனால் அதே பெட்டிக்குள் இன்னொரு கருப்பும் இருக்கிறது. அந்த முஷ்டியின் கருப்பு. அதை யாரும் இவர்கள்மேல் பூசவில்லை, இவர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று இழிவின் கருப்பு, மற்றது இயக்கத்தின் கருப்பு. சில அங்குல இடத்துக்குள் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. ‘கருப்பு என்றால் என்ன பொருள்’ என்று கேட்டால் இந்தப் படைப்பு கைவிட்டுப் போய்விடும். எந்தக் கருப்பு என்று கேட்க வேண்டும். இழிவைக் காட்டக் கருப்பும் அதை ஒழிக்கும் போராட்டத்தைக் காட்டச் சிவப்புமாகத் திராவிடர் கழகத்தின் கொடி உருவானதை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

அடுத்தது வெள்ளை. காலடியில் கிடக்கும் பருத்தி பார்ப்பதற்கு மேகம் போல மென்மையாக இருக்கும். உள்நாட்டுப் போருக்கு முன், 1860 வாக்கில், அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. அதைப் பறித்த கைகள் அடிமைகளின் கைகள். பருத்தியை வண்ணத்தால் வரைந்திருந்தால் அது வெறும் வெள்ளையாக நின்றிருக்கும். பருத்தியையே வைத்ததால் அந்த உழைப்பும் உள்ளே வந்துவிடுகிறது. இடுப்பிலிருக்கும் குழந்தையின் வெளுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அடிமைப் பெண்களின் உடல்மேல் எஜமானர்கள் எடுத்துக்கொண்ட உரிமைதான் அந்த வரலாறு.

பின்சுவரையும் பார்க்க வேண்டும். பொட்டலங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கும் உத்தியை ஆண்டி வார்ஹால் 1962-இல் சூப் டப்பாக்களை வைத்துச் செய்து புகழ் பெற்றார். அங்கே திரும்பத் திரும்ப வருவது ஒரு டப்பா. இங்கே திரும்பத் திரும்ப வருவது ஒரு பெண்ணின் முகம். உத்தி ஒன்றுதான். ஆனால் ஒரு டப்பாவுக்கு அவமானம் கிடையாது.

இனி நம் விளக்குமாற்றுக்கு வருகிறேன். ‘விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சமா’ என்று ஒரு பழமொழி சொல்வார்கள். சிரிப்பதற்காகச் சொன்னாலும், பொருட்களுக்கும் சாதி உண்டு என்பதே அதன் சாரம். பட்டு இருக்க வேண்டிய இடம் வேறு, விளக்குமாறு இருக்க வேண்டிய இடம் வேறு. இரண்டும் சேரக் கூடாது. கலையுலகிலும் நெடுங்காலம் இப்படித்தான். வெண்கலமும் கல்லும் கான்வாஸும் மேலே. கந்தலும் குப்பையும் கீழே. கலப்பு ஊடகம் அந்த வரிசையைக் குலைக்கிறது. கலப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊரில் சிலருக்கு ஏன் அரிவாள் நினைவு வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கண்காட்சிக் கூடத்தின் வெள்ளைச் சுவரில் நல்ல விளக்கொளியில் மாட்டினால் விளக்குமாறும் அழகாகத்தான் இருக்கும். அதன் ஈர்க்குச்சிகளின் கோடுகளைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதலாம். அது வெறும் பட்டுக்குஞ்சம். பிடித்த கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில், தங்கள் காலடித் தடத்தைத் தாங்களே கூட்டிக்கொண்டு போகும்படி தீண்டப்படாதோரின் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டவைத்ததை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவு செய்கிறார். நாக்பூரில் பிறந்த ஓவியர் சவி சாவர்கர் அந்த உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தத் துடைப்பத்தைக் கோடுகளின் அழகாக மட்டும் பார்க்க நம்மால் முடியுமா?

பெட்டி சார் குஞ்சம் கட்டவில்லை. பொம்மையின் முகத்தை அழகாக்கவில்லை, சிரிப்பை அழிக்கவில்லை, விளக்குமாற்றை மறைக்கவும் இல்லை. மறுகையை மட்டும் மாற்றினார். அந்தத் துப்பாக்கியும் ஆகாயத்திலிருந்து வந்த குறியீடு அல்ல. பெர்க்லிக்குப் பக்கத்து ஊரான ஓக்லண்டில்தான் 1966-இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி தொடங்கியது. காவல்துறையைக் கண்காணிக்க அவர்கள் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தித் தெருவில் நடந்தார்கள். இந்தப் படைப்பு உருவான அதே 1972-இல், அவர்களின் பெயரைத் தன் பெயரில் ஏந்தி மும்பையில் தலித் சிறுத்தைகள் அமைப்பு பிறந்தது. விளக்குமாற்றின் பக்கத்தில் துப்பாக்கி வந்தவுடன் அந்தச் சிரிப்பின் பொருள் மாறிவிடுகிறது. இவ்வளவு நாள் இவள் எதை நினைத்துச் சிரித்தாள் என்ற பயம் பார்ப்பவருக்கு வருகிறது.

கதை இதோடு முடிந்தால் வசதியாக இருக்கும். முடியவில்லை. 1997-இல் காரா வாக்கர் என்ற இளம் கருப்பினப் பெண் கலைஞர், அடிமைக் காலத்து இழிவுப் படிமங்களைக் கருப்புக் காகிதத்தில் வெட்டிப் பெரும் புகழ் பெற்றார். அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைப்பதை எதிர்த்துக் கடிதங்கள் அனுப்பியவர் வேறு யாருமல்ல, பெட்டி சார்தான். வெள்ளையர் உலகம் ரசிப்பதற்காக நம் இழிவு மறுபடி காட்டப்படுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. இழிவுப் பொம்மையைக் கையில் எடுத்தவரே இன்னொருவர் எடுத்ததை எதிர்த்தார். வாக்கரை ஆதரித்தவர்களும் பலர் இருந்தார்கள். என்னாலும் இதில் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. இழிவின் பொருளை எடுத்துவிட்டால் மட்டும் விடுதலை வந்துவிடாது. யார் எடுக்கிறார்கள், யார் பார்க்கப் போகிறார்கள், பக்கத்தில் எதை வைக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டாக வேண்டும்.

அந்த மாவு நிறுவனம் தன் பொட்டலத்திலிருந்து அந்த முகத்தையும் பெயரையும் எடுக்கப்போவதாக 2020-இல்தான் அறிவித்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்த பிறகு. பெட்டிக்குள் அவள் துப்பாக்கி ஏந்தி அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு கலைப்படைப்பு நிறுவனத்தை மாற்றவில்லை, போராட்டம் மாற்றியது. ஆனால் அந்தச் சிரிப்பு பொய் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவற்றில் இந்தப் பெட்டியும் ஒன்று.

ஆகவே தோழர்களே, போன வாரம் அந்தத் தோழர் சொன்னது கலைக்கு எதிரான பேச்சு அல்ல. நம்மில் யாரும் செய்யாத வாசிப்பை அவர்தான் செய்தார். நீலப் பலகையில் நாம் வரைந்திருந்த விளக்குமாற்றைப் பிடிக்க ஒரு கை இல்லை. நீலம் நம் நிறம் என்பதாலேயே அதன்மேல் எதை ஒட்டினாலும் விடுதலை ஆகிவிடும் என்று நாம் நினைத்துவிட்டோம்.

என் கோரிக்கை இதுதான். பலகையின் நடுப்பகுதியை இப்போதைக்கு அப்படியே விட்டுவையுங்கள். தோழர் சம்மதித்தால், அவர் அம்மாவிடமே போய்க் கேட்போம். விளக்குமாறு வரலாமா என்று முதலில் கேட்போம். வரலாம் என்று அவர் சொன்னால், மறுகையில் என்ன வேண்டும் என்று கேட்போம். வேண்டாம் என்று சொன்னால், அந்த இடம் வெறும் நீலமாகவே இருக்கட்டும். அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல நாம் பக்கத்திலேயே நிற்போம்.

ஜெய் பீம்.